1932 ஃபோர்டு கூப்பே: 1/25 கிட்டில் கூரை வெட்டுவதும் கேண்டி சிவப்பு அடிப்பதும்

ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்) மாடலைப் பார்ப்பவர் கண் முதலில் இரண்டு இடங்களுக்குத்தான் போகும்: கார் தரையில் நிற்கும் நிலை, பாடியின் பெயின்ட். எஞ்சினில் ஒரு ஒயர் விடுபட்டிருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். முன் டயர் தரையைத் தொடாமல் இருந்தால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கிட்டோடு (ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்கள் அடங்கிய பெட்டியோடு) வரும் குறிப்புத்தாள் எஞ்சினில்தான் தொடங்குகிறது. அதன்படியே போனால் இந்த இரண்டும் கடைசியில் வரும், அப்போது திருத்த வழி இருக்காது. அதனால் இங்கே வரிசை வேறு.

வேலைக்கு எடுத்துக்கொண்டது 1932 ஃபோர்டு மூன்று ஜன்னல் கூப்பே. அந்த ஆண்டுதான் ஃபோர்டு 221 கன அங்குல, 65 குதிரைத்திறன் ஃபிளாட்ஹெட் (வால்வுகள் சிலிண்டர் பிளாக்கிலேயே இருக்கும் வகை) வி8 எஞ்சினைச் சாதாரண விலைக் காரில் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிஃபோர்னியா இளைஞர்கள் இந்தப் பழைய கார்களை வாங்கி, மட்கார்டைக் கழற்றி, முன்பக்கத்தைத் தாழ்த்தி, கூரையைக் குறைத்து ஓட்டினார்கள். 'டியூஸ்' என்றால் இந்தக் கார்தான். ரெவெல் நிறுவனத்தின் 1/25 கிட் இதற்குப் பொருத்தம்.

1/25 அளவில் ஒரு வசதி உண்டு. அசல் காரின் 1 அங்குலம் மாடலில் 1.016 மி.மீ. அதாவது அங்குலத்தை அப்படியே மில்லிமீட்டராக எடுத்துக்கொள்ளலாம். மூன்று அங்குலம் கூரை குறைத்த கார் என்றால் மாடலில் 3 மி.மீ. வெட்ட வேண்டும். அசல் காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 106 அங்குலம், மாடலில் 107.7 மி.மீ. வர வேண்டும். சேஸி ஒட்டும்போது ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

ஒட்டுவதற்கு முன்

பாகங்களை ஸ்ப்ரூவிலேயே (அவை ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலேயே) வைத்து, பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு பழைய டூத் பிரஷ்ஷால் கழுவுங்கள். அச்சிலிருந்து பிரிவதற்காகப் பூசிய எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயின்ட் அந்த இடத்தில் விலகி ஓடும்.

பிறகு சேஸி, அச்சுகள், சக்கரங்கள், பாடி, பானெட், ரேடியேட்டர் கூடு எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பாலும் புளூ டேக் என்னும் ஒட்டும் களிமண்ணாலும் மட்டும் சேர்த்து நிறுத்துங்கள். பசை கூடாது. கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, கண்ணை டயர் மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். முன்பக்கம் பின்பக்கத்தைவிடத் தாழ்ந்து, பின் டயர் முன் டயரைவிடப் பெரிதாக இருந்தால்தான் ஹாட் ராட் சாயல் வரும். போதவில்லை என்றால் முன் ஸ்பிரிங் அச்சில் உட்காரும் மேடையை அரை மி.மீ., ஒரு மி.மீ. என்று தேய்த்துக் குறைத்து ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒரேயடியாக 3 மி.மீ. வெட்டினால் ஸ்டியரிங் கம்பி சேஸியில் இடிக்கும். எஞ்சினையும் இப்போதே வைத்து பானெட்டை மூடிப் பாருங்கள். பாடியைத் தாழ்த்திய பிறகு ஏர் கிளீனர் பானெட்டை முட்டுவதுதான் வழக்கமான சிக்கல்.

கூரை

1 மி.மீ. அகல டேப்பை வழிகாட்டியாக ஒட்டி, எல்லாத் தூண்களிலும் 3 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகள் போடுங்கள். தூணின் அகலம் மாறாத, நேரான இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வளைவில் வெட்டினால் மீண்டும் சேர்க்கும்போது படி விழும். ரேசர் ரம்பம் தன் பங்குக்குக் கால் மி.மீ. தின்னும் என்பதால், நீக்கப்போகும் துண்டின் பக்கமாகக் கோட்டுக்கு உள்ளேயே அறுத்து, மீதியை 400 எண் உப்புத்தாளால் கோடு வரை தேயுங்கள்.

கூரையை இறக்கி வைத்தால் முன் தூண்களும் பின்பகுதியும் ஒரே சமயத்தில் பொருந்தாது. தூண்கள் செங்குத்தாக இல்லாமல் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதே காரணம்: நடுவில் ஒரு துண்டு போனதும் மேல்பகுதி கீழ்ப்பகுதியைவிடக் குட்டையாகிவிடுகிறது. இதற்கு இரண்டு வழி. முன் தூணின் அடியில் உள்பக்கமாக லேசாகக் கீறி, தூணைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ப்பது ஒன்று. கூரையைக் குறுக்கே அறுத்து, இடைவெளிக்கு ஏற்ற ஸ்டைரீன் (கிட் பாகங்களின் அதே பிளாஸ்டிக்) பட்டையைச் சேர்த்து நீளமாக்குவது இன்னொன்று. வித்தியாசம் ஒரு மி.மீ.க்குள் இருந்தால் முதல் வழி போதும். அதற்கு மேல் என்றால் கூரையை நீட்டுங்கள். தூணை வலுக்கட்டாயமாக வளைத்து ஒட்டிய மாடல் பெயின்ட் அடித்த பிறகு ஒருநாள் அந்த இடத்தில் விரிசல் விடும்.

மெல்லிய கரைப்பான் சிமென்ட்டால் ஒட்டி, உள்பக்கம் சின்ன ஸ்டைரீன் துண்டுகளால் முட்டுக் கொடுங்கள். பிறகு இரண்டு நாள் கை வைக்காதீர்கள். கரைப்பான் முழுக்க ஆவியாகும் முன் தேய்த்தால், அன்று சமமாகத் தெரியும் இணைப்பு ஒரு வாரத்தில் உள்வாங்கி, பளபளப்பான பெயின்ட்டின் அடியில் கோடாக வெளியே வரும். டியூப் புட்டிக்கும் இதே குணம். சின்னப் பள்ளங்களுக்குச் சூப்பர் க்ளூ நல்லது, அது சுருங்காது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். இறுகிப்போனால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் தேயும், பசை மேடாகவே நிற்கும்.

கிட் கண்ணாடி இனிப் பொருந்தாது. கால் மி.மீ. தடிமன் உள்ள தெளிவான பிளாஸ்டிக் தாளை அளவெடுத்து வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கதவு, டிக்கி கோடுகளை ஸ்க்ரைபரால் ஆழப்படுத்த வேண்டியதும் இப்போதுதான். பிரைமர் (முதல் பூச்சு), அடிநிறம், கேண்டி, கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) எல்லாம் சேர்ந்தால் பத்துப் பூச்சைத் தாண்டும். ஆழமில்லாத கோடு காணாமல் போகும்.

கேண்டி

கேண்டி என்பது ஒளி ஊடுருவும் நிறம். அடியிலுள்ள உலோக நிறத்தில் பட்டுத் திரும்பும் ஒளிதான் அந்த ஆழத்தைத் தருகிறது. அதனால் ஒவ்வொரு பூச்சுக்கும் நிறம் அடர்த்தியாகும். இந்த வேலையில் நேரும் தவறுகளில் பாதி இதிலிருந்தே பிறக்கிறது.

முதலில் பிரைமர்: இரண்டு மெல்லிய பூச்சு, காய்ந்த பின் 1500 எண் தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்தல். உலோக நிறம் ஒரு கீறலையும் மறைக்காது, மாறாகப் பெரிதாக்கிக் காட்டும். சிவப்பு பிளாஸ்டிக்கில் வார்த்த கிட் என்றால் சாயம் மேலே ஊறி வரும். பிரைமருக்கு மேல் வெள்ளிப் பூச்சு ஒன்று போட்டால் அது தடுக்கும்.

அடிநிறம் தங்கமா வெள்ளியா? தங்கத்தின் மேல் சிவப்பு சூடாக, செம்பு கலந்தாற்போல் வரும். வெள்ளியின் மேல் பளிச்சென்று, சில சமயம் ரோஸ் பக்கம் சாயும். பழைய பாணி டியூஸுக்குத் தங்கமே சரி. தமியா ஸ்பிரேயில் டிஎஸ்-21 தங்கம், அதன் மேல் டிஎஸ்-74 கிளியர் சிவப்பு, கடைசியில் டிஎஸ்-13 கிளியர். மூன்றும் ஒரே வகை லாக்கர் என்பதால் ஒன்றோடொன்று சண்டை போடாது. இடையில் எனாமலை நுழைத்தால் மேலே வரும் லாக்கர் அதைச் சுருக்கிவிடும்.

முதலில் பிளாஸ்டிக் ஸ்பூன்களில் சோதனை. நான்கு ஸ்பூனில் தங்கம் அடித்து, சிவப்பை முறையே இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து பூச்சு கொடுத்துப் பின்னால் எண் எழுதுங்கள். பிடித்த ஸ்பூனின் எண்ணையே காருக்கும் வைத்துக்கொள்ளலாம்.

பாடி, பானெட், தனியாக வரும் டிக்கி மூடி, ரேடியேட்டர் கூடு அனைத்தையும் ஒரே அமர்வில், ஒரே எண்ணிக்கையில் அடிக்க வேண்டும். பானெட்டை மறுநாள் அடித்தால் நிறம் சேராது. காரில் எந்த நிலையில் இருக்குமோ அந்த நிலையிலேயே குச்சியில் பொருத்தி அடியுங்கள். படுக்கவைத்து அடித்த பாகத்தில் உலோகத் துகள் வேறு விதமாகப் படியும்.

கேனை 40 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் வைத்து எடுத்தால் துளி நுண்ணியதாக வரும். அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. 15 முதல் 20 செ.மீ. தூரம். பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். நடுவில் நிறுத்தினால் அங்கே கருஞ்சிவப்புத் திட்டு. ஒவ்வொரு வீச்சும் முந்தையதை ஒரே அளவில் மேவ வேண்டும், இல்லாவிட்டால் வரிக்குதிரைதான். பூச்சுக்குப் பூச்சு 10 முதல் 15 நிமிடம் இடைவெளி விடுங்கள்.

தூசி விழுந்தால் எடுக்காதீர்கள், தேய்க்கவும் வேண்டாம். தேய்த்த இடம் வெளிறிவிடும், அதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாது. காயவிட்டு, மேலே கிளியர் ஏற்றி, கிளியரோடு சேர்த்துத் தேய்த்து எடுத்துக்கொள்ளலாம்.

சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற ஊர்களில் ஈரப்பதம் ஒரு தனிப் பிரச்சினை. ஸ்பிரே ஆவியாகும்போது பாகம் குளிர்ந்து, காற்றிலுள்ள நீர் அதன் மேல் படிந்து பால் நிறமாக வெளுக்கும். மழை நாளில் பெயின்ட் வேண்டாம். வெளுத்துவிட்டால், வறண்ட நாளில் மெதுவாகக் காயும் லெவலிங் தின்னரை ஏர்பிரஷ்ஷால் பனிபோல் தூவினால் பெரும்பாலும் தெளியும். ஜன்னலை மூடிக்கொண்டு ஏசி அறையில் அடிப்பது தீர்வல்ல. லாக்கர் ஆவி நுரையீரலுக்குக் கேடு, தீயும் பற்றும். கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் அவசியம். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது.

கிளியர்: இரண்டு தூவல், பிறகு மூன்று ஈரப் பூச்சு. ஒரு வாரம் ஆறவிட்டு முகர்ந்து பாருங்கள். வாசனை வந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள். கதவுக்கு மேலே ஓடும் வரம்பு போன்ற மேடான விளிம்புகளை டேப்பால் மூடிவிட்டு, 3000 எண்ணில் தொடங்கி 8000 வரை தண்ணீரோடு தேய்த்து, காம்பவுண்டால் மெருகேற்றுங்கள். விளிம்பில் பூச்சு எப்போதும் மெல்லியது, இரண்டு இழுப்பில் தங்கம் தெரிந்துவிடும்.

குரோம்

கிட்டில் வரும் குரோம் பூச்சு தடிமனாக, அச்சுக்கோடு தெரியும்படி இருக்கும். வீட்டு ப்ளீச்சில் ஊறவைத்தால் கரைந்துபோகும். ப்ளீச்சோடு வேறு எந்த அமிலமோ கிளீனரோ கலக்கக் கூடாது. கோட்டைச் சுரண்டி, பளபளப்பான கருப்பு அடித்து, அது நன்றாகக் காய்ந்த பின் ஆல்கிளாட் என்னும் குரோம் பெயின்ட்டை ஏர்பிரஷ்ஷில் 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் புகைபோல் ஏற்றுங்கள். பளபளப்பு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னொரு பூச்சு போட்டால் சாம்பல் நிற அலுமினியமாகிவிடும். விளக்குக் கூடு, கைப்பிடி போன்ற சின்னவற்றுக்கு மோலோடோ குரோம் பேனாவே போதும், காய்வதற்கு மட்டும் சில நாள் கொடுங்கள். எல்லாவற்றையும் குரோம் ஆக்குவது பொம்மைத்தனம். சிலிண்டர் ஹெட்டும் காற்று உள்ளே போகும் இன்டேக்கும் மங்கிய அலுமினிய நிறத்தில் இருந்தால்தான் பக்கத்திலுள்ள குரோம் எடுபடும்.

எஞ்சினும் முடிப்பும்

அசல் பிளக் ஒயர் 7, 8 மி.மீ. தடிமன், மாடலுக்கு 0.3 மி.மீ. ஒயர். கிட்டில் செவர்லே ஸ்மால் பிளாக் இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) பின்னால், ஃபோர்டு 302 அல்லது ஃபிளாட்ஹெட் என்றால் முன்னால். இதை மாற்றி வைத்தால் விஷயம் தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார்.

வினைல் டயரிலுள்ள மென்மையாக்கி ஆண்டுக்கணக்கில் ஸ்டைரீன் சக்கரத்தை உருக்கும். சக்கரத்தின் ஓரத்தில் மெல்லிய அலுமினியத் தாளைச் சுற்றி டயரை மாட்டுங்கள். டயரின் தரை படும் பகுதியை 320 எண் தாளால் ஒருமுறை தேய்த்தால் பிளாஸ்டிக் மினுமினுப்பு போகும்.

ஒட்டும் இடத்தில் பெயின்ட்டும் குரோமும் சுரண்டப்பட்டிருக்க வேண்டும், கரைப்பான் சிமென்ட் பிளாஸ்டிக்கை மட்டுமே பிடிக்கும். கண்ணாடிக்கு வெள்ளைப் பசை. சூப்பர் க்ளூ ஆவி அதை மங்கலாக்கிவிடும். அச்சுகளுக்கு ஐந்து நிமிட எபாக்ஸி, சரிசெய்ய நேரம் கிடைக்கும் என்பதற்காக. எபாக்ஸி இளகியிருக்கும்போதே காரைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒவ்வொரு டயருக்கு அடியிலும் காகிதத் துண்டை நுழைத்து இழுங்கள். எளிதாக வரும் பக்கத்தை மெல்ல அழுத்தி, நான்கும் ஒரே மாதிரிப் பிடிக்கும் வரை சரிசெய்து, இறுகும் வரை அப்படியே விடுங்கள்.