குறைந்த செலவில் ஞாயிறு ரோஸ்ட்: பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்திருப்போருக்கு

பிரித்தானியாவில் குடியேறிய சில மாதங்களுக்குள்ளேயே, ஓவனில் வெந்த இறைச்சியும் கிழங்கும் காய்களும் கொண்ட ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் பற்றிய பேச்சு உங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிடும். வாரத்தில் ஒரு நாள் ரோஸ்ட் பரிமாறும் பள்ளிகள் இங்கே ஏராளம். லண்டனின் அரசு தொடக்கப் பள்ளிகளில் 2023 செப்டம்பர் முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் மதிய உணவு இலவசமாகக் கிடைப்பதால், நம் பிள்ளைகள் அதைச் சாப்பிட்டுப் பழகி, "நம் வீட்டிலும் செய்யுங்களேன்" என்று கேட்கத் தொடங்குகிறார்கள். பப் ஒன்றுக்கு அழைத்துச் சென்று வாங்கிக் கொடுக்கலாம் என்றால், இன்று பல இடங்களில் ஒரு தட்டு 15 பவுண்டுக்கும் மேல் போகிறது. நால்வருக்கு 60 பவுண்டைத் தாண்டும். வாடகையும் கவுன்சில் வரியும் போக மிஞ்சுவதில் மாதத்தை ஓட்டும் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. அதே உணவை வீட்டில் நால்வருக்குச் சுமார் 10 பவுண்டில் சமைக்க முடியும். எந்த இறைச்சியை வாங்குவது, ஓவனை எப்படிப் பயன்படுத்துவது என்ற இரண்டிலும் கவனம் இருந்தால் போதும். மற்றவை எல்லாம் இந்த நாட்டின் மிக மலிவான பொருள்களே.

ஓவனில் முழுதாக வெந்த இறைச்சி, மொறுமொறுப்பான உருளைக்கிழங்கு, இரண்டு மூன்று காய்கள், யார்க்ஷயர் புடிங், எல்லாவற்றின் மேலும் ஊற்றிக்கொள்ள கிரேவி: தட்டில் இருப்பது இவ்வளவுதான். பெரிய இறைச்சித் துண்டம் நடுவில் வைக்கப்படுவதால் இது செல்வந்தர் விருந்துபோலத் தோன்றலாம். ஆனால் இதன் ஒவ்வொரு பகுதியிலும் சிக்கனம் ஊறியிருக்கிறது. மாவு, முட்டை, பால் கலந்த கரைசலை, சுழன்று வேகும் இறைச்சிக்கு அடியில் வைத்து, சொட்டும் கொழுப்பு வீணாகாமல் அதிலேயே வேகவைத்ததுதான் 18ஆம் நூற்றாண்டின் யார்க்ஷயர் புடிங். அதை இறைச்சிக்கு முன்பே கிரேவியுடன் பரிமாறும் வழக்கமும் யார்க்ஷயரில் இருந்தது. வயிறு பாதி நிறைந்துவிட்டால் விலை கூடிய இறைச்சி குறைவாகச் செலவாகும். ஞாயிற்றுக்கிழமை வெந்த இறைச்சியில் மிஞ்சியதைத் திங்களன்று குளிர்ந்தபடியே உண்பதும், அடுத்த நாள் அதை அரைத்து, பிசைந்த கிழங்கை மேலே பரப்பி, 'பை' என்னும் ஓவன் பலகாரம் ஆக்குவதும் தொழிலாளர் குடும்பங்களின் ஏற்பாடு. ஆகவே இதை ஒரு வேளை உணவாகக் கணக்கிடாமல், மூன்று நாள் சமையலின் தொடக்கமாகக் கணக்கிடுங்கள். செலவு பற்றிய பார்வையே மாறிவிடும்.

இறைச்சி வாங்கும்போது பொட்டலத்தின் விலையைப் பார்க்காதீர்கள். அலமாரிச் சீட்டில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் ஒரு கிலோவுக்கான விலையைப் பாருங்கள். பெரும்பாலான நாள்களில் முழுக் கோழியே மலிவாக இருக்கும். சுமார் ஒன்றரைக் கிலோ எடையுள்ள கோழி நால்வருக்குத் தாராளமாகப் போதும்; எலும்பும் மிஞ்சும். தனியாக இருக்கும் மாணவர் முழுக் கோழி வாங்க வேண்டியதில்லை. எலும்பும் தோலும் உள்ள தொடைத் துண்டுகளை ஒரே தட்டில் கிழங்குடனும் கேரட்டுடனும் வைத்தால் முக்கால் மணி நேரத்தில் எல்லாம் வெந்துவிடும், மின்சாரமும் மிச்சமாகும். ஆட்டிறைச்சிதான் வேண்டும் என்றால் பின்தொடையைவிடத் தோள்பகுதி பொதுவாக விலை குறைவு. குறைந்த சூட்டில் நான்கு மணி நேரம் மூடி வேகவைத்தால் எலும்பிலிருந்து தானாகக் கழன்று வரும். மாட்டிறைச்சி உண்போர் விலா எலும்புத் துண்டத்தை விட்டுவிட்டு, பிரிஸ்கெட் எனப்படும் நெஞ்சுப் பகுதியை வாங்கி அதேபோல மெதுவாகச் சமைக்கலாம். மாட்டையோ பன்றியையோ தொடாத குடும்பங்கள் கோழியோடு நின்றுவிடலாம். அதனால் இந்த உணவின் இயல்பு எதுவும் குறைந்துவிடாது.

கடைக்குப் போகும் நேரமும் முக்கியம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994ஆம் ஆண்டின் சட்டப்படி, 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிறன்று காலை 10 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில் தொடர்ந்து 6 மணி நேரம் மட்டுமே திறந்திருக்கலாம். மற்ற நாள்களில் இரவு 10 மணிவரை திறந்திருக்கும் பெரிய கடை ஞாயிறு மாலை 4 அல்லது 5 மணிக்கே மூடியிருப்பதன் காரணம் இதுதான். அப்போது வழியில்லாமல் தெருமுனைச் சிறு கடையில் வாங்கினால் அதே பொருளுக்குக் கூடுதலாகக் கொடுக்க நேரும். சனிக்கிழமை மாலையில் வாங்கிவிடுவதே நல்லது. அந்த நேரத்தில், காலக்கெடு நெருங்கிய பொருள்களுக்கு விலை குறைத்து மஞ்சள் சீட்டு ஒட்டும் கடைகளும் பல உண்டு. பொட்டலத்தில் யூஸ் பை என்று குறித்த நாள் உணவுப் பாதுகாப்புக்கானது. அது கடந்த இறைச்சியை உண்ணக் கூடாது. ஆனால் அந்த நாள் முடிவதற்குள் ஃப்ரீசரில் வைத்துவிட்டால் பின்னர் சமைக்கலாம். பெஸ்ட் பிஃபோர் என்பது தரத்தைப் பற்றிய குறிப்பு மட்டுமே. அந்த நாள் கடந்த கிழங்கையோ கேரட்டையோ கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கலாம். டெஸ்கோ, செய்ன்ஸ்பரிஸ் போன்ற கடைகளில் இலவச உறுப்பினர் அட்டை வைத்திருப்போருக்கு மட்டும் குறைந்த விலை காட்டும் பொருள்கள் நிறைய இருப்பதால், வந்த வாரத்திலேயே அட்டைகளைப் பெற்றுக்கொள்ளுங்கள். ஆல்டி, லிடில் இரண்டிலும் அடிப்படைப் பொருள்கள் பொதுவாகவே மலிவு.

இனி நம்மவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று. கோழியை மஞ்சளும் உப்பும் போட்டு இரண்டு மூன்று முறை கழுவித்தான் நாம் சமைத்துப் பழகியிருக்கிறோம். இங்கே உணவுத் தர முகமை பச்சைக் கோழியைக் கழுவவே கூடாது என்று தொடர்ந்து அறிவுறுத்திவருகிறது. பிரித்தானியாவில் பாக்டீரியாக்களால் வரும் உணவு நஞ்சாதலுக்கு முதன்மையான காரணம் கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியா; குழாய் நீர் பட்டுத் தெறிக்கும் துளிகள் அதைத் தொட்டி, மேடை, பக்கத்தில் கவிழ்த்து வைத்த பாத்திரங்கள் எனப் பரப்பிவிடுகின்றன. கடையில் விற்கும் கோழி ஏற்கெனவே சுத்தம் செய்யப்பட்டது. கிருமியைக் கொல்வது தண்ணீரல்ல, சூடுதான். மனம் ஒப்பவில்லை என்றால் சமையல் தாளால் ஈரத்தை ஒற்றி எடுத்து, அந்தத் தாளை உடனே குப்பையில் போட்டு, கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். ஈரம் போனால் தோலும் நன்றாக மொறுகும். கைக்குழந்தையும் முதியவர்களும் உள்ள வீட்டில் இந்த அறிவுரையைத் தட்டிக்கழிக்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

கோழியின் மேல் வெண்ணெயோ எண்ணெயோ தடவி, உப்பும் மிளகும் தூவி, உள்ளே அரை எலுமிச்சம்பழத்தை வைத்தால் போதும். முதல் முறை மிளகாய்த் தூளும் மசாலாவும் சேர்க்காமல் இந்த ஊர் முறையிலேயே செய்து பாருங்கள். தட்டில் சொட்டும் சாறுதான் பின்னர் கிரேவியாகப் போகிறது; அதில் மசாலா ஏறிவிட்டால் அது வேறு உணவாகிவிடும். காரம் வேண்டுவோருக்கு ஊறுகாயோ சம்பலோ பக்கத்தில் இருக்கட்டும். ஓவனை 200 டிகிரி செல்சியஸில், விசிறி உள்ளதானால் 180 டிகிரியில், வாயு ஓவனானால் 6ஆம் எண்ணில் வையுங்கள். கிலோவுக்கு 45 நிமிடமும் அதற்கு மேல் 20 நிமிடமும் என்பது பொதுக் கணக்கு. ஒன்றரைக் கிலோ கோழிக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். தொடையின் தடித்த இடத்தில் கத்தியால் குத்தினால் வடியும் சாற்றில் இளஞ்சிவப்பு சிறிதும் இருக்கக் கூடாது. வெந்த கோழியை வெளியே எடுத்து, அலுமினியத் தாள் போர்த்தி, 20 நிமிடம் ஆறவிட வேண்டும். சாறு இறைச்சிக்குள்ளேயே நிற்கும். அதற்குள் ஓவனில் மற்ற வேலைகளும் முடியும்.

உருளைக்கிழங்குதான் இந்த உணவின் உயிர் என்பது என் கருத்து. இறைச்சி சற்று உலர்ந்துபோனாலும் மன்னிக்கும் பிரித்தானியர்கள், கிழங்கு மொறுகாவிட்டால் மன்னிப்பதில்லை. மெரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட் போன்ற மாவுத்தன்மை மிக்க வகைகளை வாங்குங்கள். கறிக்கு ஏற்ற வழவழப்பான சிறு கிழங்குகள் இதற்கு உதவா. நால்வருக்கு ஒரு கிலோ போதும். தோல் சீவி, முட்டை அளவுக்கு நறுக்கி, உப்பு நீரில் 8 முதல் 10 நிமிடம் ஓரங்கள் குழையும்வரை வேகவைத்து வடியுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாமல் கிரேவிக்கு எடுத்து வையுங்கள். ஆவி அடங்கியதும் பாத்திரத்தை மூடிக் குலுக்கினால் கிழங்கின் மேல்பரப்பு சொரசொரப்பாகும். இந்தக் கட்டத்தில் இரண்டு தேக்கரண்டி ரவை தூவுவது இங்குள்ள சமையற்காரர்களும் கையாளும் முறை. நம் வீட்டில் ரவை எப்போதும் இருக்கும். ஓவனில் தட்டோடு முன்பே சூடேற்றிய எண்ணெயில் கிழங்குகளை இட்டு, ஒருமுறை புரட்டி, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் பொன்னிறமாக விடுங்கள். வாத்துக் கொழுப்பு வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் பொருட்படுத்தாதீர்கள். சூரியகாந்தி எண்ணெயிலேயே அருமையாக வரும்.

யார்க்ஷயர் புடிங்குக்கு அளவுக் கோப்பைகூடத் தேவையில்லை. இரண்டு முட்டைகளை ஒரு கண்ணாடிக் குவளையில் உடைத்து, அது நிற்கும் உயரத்தைக் குறித்துக்கொண்டு, அதே அளவு பாலும் அதே அளவு சாதாரண மைதாவும் எடுத்துக் கட்டியில்லாமல் கலக்கி, உப்பிட்டு அரை மணி நேரம் வையுங்கள். செல்ஃப் ரெய்சிங் என்று எழுதிய மாவு வேண்டாம். கோழி ஆறும் நேரத்தில் ஓவனை 220 டிகிரிக்கு ஏற்றி, குழிகள் உள்ள தட்டில் குழிக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, புகை எழும் அளவுக்குக் காய்ந்ததும் மாவை ஊற்றி, 20 நிமிடம் கதவைத் திறக்காமல் இருக்க வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த எண்ணெயும் இடையில் திறந்த கதவும்தான் புடிங் எழும்பாமல் போவதற்குக் காரணம். பகிர்ந்து வாழும் வீட்டில் இருப்போர் அந்தப் புகைக்குத் தீ எச்சரிக்கை மணி அடிக்காதபடி சன்னலைத் திறந்து வையுங்கள்.

கோழித் தட்டில் தேங்கிய கொழுப்பில் ஒரு கரண்டி மட்டும் விட்டு மிச்சத்தை வடித்து, அடுப்பில் வைத்து, ஒரு கரண்டி மாவைச் சேர்த்துச் சிவக்க வறுத்து, கிழங்கு வெந்த நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கொதிக்கவிட்டால் கிரேவி தயார். கடையின் சொந்தப் பெயரில் விற்கும் மலிவான கிரேவித் தூளை அதோடு கலந்துகொள்வதிலும் குறையில்லை. கேரட்டைக் கோழியின் பக்கத்திலேயே வேகவிடலாம். முட்டைக்கோஸையும் உறைந்த பட்டாணியையும் அடுப்பில் 5 நிமிடம் வேகவைத்தால் போதும்.

இந்த நாளின் விலைப்படி, கோழிக்கு 5 முதல் 6 பவுண்டு, கிழங்குக்கும் காய்களுக்கும் சேர்த்து 2 பவுண்டு, முட்டை, பால், மாவு, எண்ணெய், கிரேவித் தூள் ஆகியவற்றில் செலவாகும் பங்குக்கு ஒன்றரைப் பவுண்டு என்று கொள்ளலாம். மின் ஓவன் இரண்டு மணி நேரம் எரிய அரைப் பவுண்டு அளவில் ஆகும். வாயு ஓவனானால் இன்னும் குறையும். சூடான ஓவனை வீணாக்காமல், அதே நேரத்தில் கீழ்த்தட்டில் மறுநாளுக்கான காய்களையும் வாட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். முன்பணம் செலுத்தும் மீட்டர் உள்ள வீட்டில் சனியன்றே இருப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைவ உணவினர் முழுக் காலிஃபிளவரை எண்ணெயும் கடுகுச் சாந்தும் தடவி ஓவனில் வைத்து, வெங்காயத்தை நிதானமாகச் சிவக்க வதக்கிக் கிரேவி செய்யலாம். செலவு இன்னும் குறையும். வெளியே உண்ணும்போதுதான் அவர்களுக்குக் கவனம் தேவை. பல பப்களில் உருளைக்கிழங்கும் யார்க்ஷயர் புடிங்கும் மாட்டுக் கொழுப்பிலோ வாத்துக் கொழுப்பிலோ வேகின்றன. இறைச்சியுடன் பரிமாறும் ஸ்டஃபிங் என்ற பூரணத்தில் பன்றி இறைச்சி கலந்திருப்பதும் உண்டு. கேட்பதில் தயக்கம் வேண்டாம்; ஊழியர்கள் இத்தகைய கேள்விகளுக்குப் பழகியவர்கள்.

மிஞ்சியதை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, இரண்டு நாளுக்குள் உண்டு முடியுங்கள். கிழங்கும் முட்டைக்கோஸும் மீந்தால் பிசைந்து தோசைக்கல்லில் வாட்டுங்கள்; ஆங்கிலேயர் வீடுகளில் அது திங்கட்கிழமைப் பலகாரம். உதிர்த்த கோழி கொத்து ரொட்டிக்கு மிகப் பொருத்தம். எலும்புக்கூட்டை வெங்காயம், மிளகு, சீரகம், பூண்டோடு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தால் நல்ல கோழி ரசம் கிடைக்கும். வடித்த கொழுப்பை மட்டும் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஒரு டப்பாவில் உறையவிட்டுக் குப்பையில் சேருங்கள். 2017இல் லண்டன் வைட்சேப்பல் சாக்கடையை 250 மீட்டர் நீளத்துக்கு அடைத்துக்கொண்ட 130 டன் கட்டி, இப்படி வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் போன கொழுப்பும் ஈரத் துடைப்பான்களும் சேர்ந்து உருவானதே.

கிறிஸ்துமஸ் விருந்துக்கும் இதே முறைதான். வான்கோழியும், குட்டி முட்டைக்கோஸ் போன்ற பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸும் சேரும். அந்தப் பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் பெரிய கடைகள் போட்டி போட்டுக் காய்களைச் சில பென்ஸுக்கே விற்பதுண்டு. அப்போது கேரட்டும், வெளிர்நிறக் கேரட் போன்ற பார்ஸ்னிப்பும் வாங்கி, நறுக்கி ஃப்ரீசரில் சேர்த்துக்கொள்ளலாம். உறைந்த வான்கோழி புதியதைவிட மலிவு, ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் அது உருகக் கிலோவுக்கு 10 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். 25ஆம் தேதி சமைக்க வேண்டிய 5 கிலோ வான்கோழியை 22ஆம் தேதி மதியத்துக்குள் ஃப்ரீசரிலிருந்து இறக்கிவிடுங்கள். நால்வருக்கு மட்டும் என்றால் ஒரு பெரிய கோழியே போதுமானது.