கிளியர் கோட் கையோடு வந்தால்: மாடல் விமானப் பூச்சில் நாம் செய்யும் தவறுகள்

முதல் பறப்பு முடிந்து விமானத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, கட்டைவிரல் மூக்குப் பக்கத்தில் ஒட்டியது. விரலை எடுத்துப் பார்த்தால் சிவப்பு. மூன்று வாரம் உட்கார்ந்து தேய்த்து, வண்ணம் அடித்து, கடைசியில் கண்ணாடி மாதிரி கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, அடித்த விமானம். மஃப்ளருக்குப் பின்னால் ஒரு சாண் நீளத்துக்கு அந்தக் கிளியர் பசையாக இளகி, அடியிலிருந்த வண்ணத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வழிந்திருந்தது. டப்பாவில் ‘பெட்ரோல் தாங்கும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அது பொய்யில்லை, பெட்ரோலைத் தாங்கும்தான். ஆனால் என் எஞ்சின் குடித்தது பெட்ரோல் இல்லை.

அன்றைக்கு நான் செய்திருந்த தவறு ஒன்றல்ல, நாலைந்து. பிறகு மற்றவர்களின் விமானங்களைப் பார்த்தபோது அவர்களும் அதே நாலைந்தைத்தான் செய்திருந்தார்கள். மின்மோட்டார் வைத்துப் பறக்கவிடுபவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. எந்தக் கிளியரை வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். இந்தக் கட்டுரை, எஞ்சின் சத்தமும் எண்ணெய்ப் பிசுக்கும் இன்னும் விட்டுப்போகாதவர்களுக்கு.

எந்த எரிபொருள் என்று பார்க்காமல் வாங்குவது

‘எரிபொருள் தாங்கும்’ என்பது பாதி வாக்கியம்தான். எந்த எரிபொருளைத் தாங்கும்? க்ளோ எஞ்சினுக்கு, அதாவது தீப்பொறி இல்லாமல் கனலும் பிளக்கில் ஓடும் எஞ்சினுக்கு, ஊற்றுவதில் பெரும்பங்கு மெத்தனால். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். அதோடு நைட்ரோமீத்தேன், சாதாரண விமானங்களுக்கு 5 முதல் 15 சதவீதம்வரை. எண்ணெய் பெரும்பாலும் எரிவதில்லை. மஃப்ளர் வழியாக வெளியே வந்து விமானத்தின் வயிற்றில் படியும். எரியாமல் தப்பிய மெத்தனாலும் நைட்ரோவும் கூடவே வரும். எண்ணெயால் பூச்சுக்குப் பெரிய கேடில்லை. மற்ற இரண்டும்தான் கரைப்பான்கள், அவைதான் வில்லன்கள்.

1947இல் ரே ஆர்டன் க்ளோ பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவரும்வரை மாடல் எஞ்சின்கள் பெரும்பாலும் தீப்பொறி பிளக்கில், பெட்ரோலும் எண்ணெயும் கலந்த கலவையில் ஓடின. அந்தக் காலத்து நைட்ரேட் டோப் (மரத்துக்கும் துணிக்கும் பூசும், ஆவியாகிக் காயும் பூச்சு) அதைச் சமாளித்தது. மெத்தனால் வந்ததும் அதே டோப் இளகத் தொடங்கியது. இன்றைக்கும் பெட்ரோலைத் தாங்குகிற எத்தனையோ பூச்சுகள் க்ளோ எரிபொருளில் படுத்துவிடுகின்றன. மாடல் டீசல் எஞ்சின் வைத்திருப்பவர்கள் ஈதர், மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய் மூன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஸ்பிரே டப்பாவில் வரும் சாதாரண அக்ரிலிக் கிளியர், தின்னர் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்கிறது. பொருத்தமான கரைப்பான் மறுபடி பட்டால் பழையபடி இளகிவிடும். ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பாலியூரித்தேன் வேறு ரகம். அதில் இரண்டு திரவங்களும் வேதிவினையில் ஒன்றோடொன்று வலைபோல் பின்னிக்கொள்கின்றன. பின்னியபின் அதைக் கரைத்துத் திரும்பத் திரவமாக்க முடியாது. எபாக்சியும் இதே குடும்பம்தான், ஆனால் வெயிலில் மஞ்சளாகும். வெள்ளை விமானத்தின் மேல் அடித்தால் பிறகு வருத்தப்படுவீர்கள். பியூட்ரேட் டோப் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆவியாகித்தான் காய்கிறது, ஆனாலும் மெத்தனாலுக்கு அவ்வளவு சீக்கிரம் மசியாது. நைட்ரோ கூடக்கூட அதுவும் தளரும். நைட்ரோ குறைவாக ஊற்றுபவர்களுக்கு இன்றும் நல்ல தேர்வு அது என்பது என் கட்சி.

சோதிக்காமல் நம்புவது, அல்லது தப்பாகச் சோதிப்பது

சோதனை என்றால் பலர் செய்வது இதுதான்: ஒரு சொட்டு எரிபொருளை விட்டு, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, துடைத்துப் பார்த்து, ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பார்கள். மெத்தனால் சீக்கிரம் ஆவியாகிவிடும். அப்புறம் அங்கே கிடப்பது வெறும் எண்ணெய். வெறும் எண்ணெயில் ஊறிப் பூச்சுகள் பெரும்பாலும் தோற்பதில்லை.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். விமானத்துக்கு என்னென்ன அடிக்கிறேனோ அத்தனையையும், ப்ரைமர், வண்ணம், கிளியர் என்று அதே வரிசையில், ஒரு பால்சா (மாடல் விமானம் கட்டும் லேசான மரம்) துண்டிலும் அடித்துவிடுவேன். ஒரு வாரம் கழித்து, நான் ஊற்றப்போகும் எரிபொருளிலேயே நைட்ரோ அதிகமுள்ளதை எடுத்து, டிஷ்யூ துண்டை நனைத்து அதன்மேல் வைத்து, பாட்டில் மூடியைக் கவிழ்த்து மூடுவேன். மூடி இருந்தால் ஆவியாகாது. கால் மணி நேரம் கழித்து மூடியை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பேன், பிறகு நகத்தால் கீறிப் பார்ப்பேன். விரலில் வண்ணம் வரக்கூடாது, நகத் தடம் விழக்கூடாது. வளையமாக ஒரு மங்கல் மட்டும் தெரிந்தால் அது எல்லையில் நிற்கும் பூச்சு, மூக்குக்கு ஆகாது.

துண்டின் பின்னால் பென்சிலில் தேதி, கிளியரின் பெயர், எரிபொருள் எல்லாம் எழுதி வைக்கிறேன். அடுத்த விமானத்துக்கு உதவும்.

காய்ந்ததையும் இறுகியதையும் ஒன்றாக நினைப்பது

என் சிவப்பு விமானத்தின் இரண்டாவது பாவம் இது. சனிக்கிழமை அடித்து ஞாயிற்றுக்கிழமை பறக்கவிட்டேன். தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும். உள்ளே இறுகி முடிக்க டூ-கே பூச்சுக்கே பொதுவாக ஒரு வாரம் ஆகும். அறை குளிர்ந்திருந்தால் இன்னும் அதிகம். மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். தின்னர் வாடை வந்தால் அது இன்னும் முடியவில்லை.

சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றுவது இதன் தம்பி. பங்குக்கு மேல் போன ஹார்டனருக்கு ஜோடி கிடைக்காது. படலம் ஒன்று நொறுங்கும், அல்லது கடைசிவரை பிசுபிசுத்தே கிடக்கும். பங்கு எடையிலா கொள்ளளவிலா என்பதையும் டப்பாவில் பாருங்கள். சின்ன அளவு கலக்கும்போது கண்மதிப்பு உதவாது. ஊசியில்லாத சிரிஞ்சு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று இதற்கு, ஒன்று அதற்கு.

அடியில் என்ன இருக்கிறது என்பதை மறப்பது

எனாமல் வண்ணத்தின் மேல் லாக்கர் தின்னர் கலந்த கிளியரை ஈரமாக அடித்தால், அடுத்த நிமிடம் அடியிலுள்ள வண்ணம் கொதித்தது போலச் சுருங்கி எழும்பும். நிறுத்த வழியே இல்லை, பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். டோப்பில் ஒரு சட்டம்: அடியில் நைட்ரேட், மேலே பியூட்ரேட். நைட்ரேட் மரத்திலும் துணியிலும் நன்றாகப் பிடிக்கும், பியூட்ரேட் எரிபொருளைத் தாங்கும். இதைத் தலைகீழாக்கக் கூடாது. தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்துகள், மார்க்கரில் போட்ட பேனல் கோடுகள் இவற்றின் மேல் முதல் சுற்று பனி போல மெல்லிசாக விழட்டும். நன்றாகக் காய்ந்த பிறகே ஈரமான சுற்று.

இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் பாலியெஸ்டர் ஃபிலிம் போட்டவர்கள் முழு இறக்கைக்கும் கிளியர் அடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். ஃபிலிமே எரிபொருளைத் தாங்கும். தாங்காதது ஓரத்திலுள்ள பசை. எண்ணெய் அந்த ஓரத்தில் நுழைந்தால் ஃபிலிம் மெல்ல உரிந்து வரும். ஆகவே ஓரங்களையும் இணைப்புகளையும் மட்டும் மெல்லிய உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, சின்னத் தூரிகையால் ஒரு கோடு இழுத்தால் போதும். வழவழப்பான ஃபிலிம் மேல் அப்படியே அடித்த கிளியர் தோல் மாதிரி உரியும்.

ஃபோம் இறக்கை, பிளாஸ்டிக் காக்பிட் மூடி இரண்டும் தின்னர் என்றாலே பயப்படும். தெர்மோகோலை அது தின்றுவிடும், மூடியை மங்கவைத்து விரிசல் விடும். மூடியை மறைத்து ஒட்டிவிட்டு அடியுங்கள்.

உள்ளே விட்டுவிடுவது

எல்லாரும் வெளியே அடிக்கிறோம். விமானம் அழுகுவது உள்ளேயிருந்து.

எஞ்சினைப் பிடித்திருக்கும் ஃபயர்வாலை எட்டிப் பாருங்கள். அதில் மவுண்டுக்கு நான்கு துளை, எரிபொருள் குழாய்க்கு இரண்டு, த்ராட்டில் கம்பிக்கு ஒன்று. இவற்றில் பாதி, வண்ணம் அடித்து முடிந்த பிறகு துளையிட்டவையாக இருக்கும். ஒவ்வொரு துளையின் உட்சுவரும் பூச்சில்லாத வெற்று மரம். எஞ்சின் அதிர அதிர எண்ணெய் அந்த வழியாக ஊறி, பிளைவுட்டின் அடுக்குகளுக்கு இடையில் போய், பின்னாலுள்ள பால்சாவைக் கறுப்பாக்கும். எண்ணெய் குடித்த பால்சாவில் பசை பிடிக்காது. ஒரு நாள் கரடுமுரடான தரையிறக்கத்தில் ஃபயர்வால் எஞ்சினோடு சேர்ந்து முன்னால் போய்விடும், விமானம் பின்னால் நிற்கும்.

ஃபயர்வால், டேங்க் அறை, இறக்கை உட்காரும் இடம் எல்லாவற்றுக்கும் மெதுவாக இறுகும் எபாக்சியைக் கொஞ்சம் ஆல்கஹாலில் இளக்கிப் பூசுங்கள். துளைகளுக்குள் காது குடையும் பஞ்சுக் குச்சியால் தடவுங்கள். பூச்சு முடிந்த பிறகு ஏதாவது துளையிட்டால், அந்த ஸ்க்ரூ போடுவதற்கு முன் அந்தத் துளைக்கும் ஒரு சொட்டு. இதைச் சோம்பாமல் செய்தவர்களின் விமானங்கள் பத்து வருடம் கழித்தும் பறப்பதைப் பார்த்திருக்கிறேன். வெளிப்பூச்சு ஆங்காங்கே தோற்றிருக்கும், மரம் காய்ந்தே இருக்கும்.

நல்லது என்று நாலு சுற்று அடிப்பது

கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு சுற்றில் காய்ந்த படலம் 25 மைக்ரான் என்றால், சதுர மீட்டருக்கு 25 கன சென்டிமீட்டர். எடை 30 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒன்றரை மீட்டர் இறக்கையுள்ள பயிற்சி விமானத்தின் எல்லாப் பக்கமும் சேர்ந்தால் சுமார் ஒன்றரை சதுர மீட்டர். மூன்று சுற்று அடித்தால் 130 கிராம் போல ஏறிவிடும். அதில் வாலில் ஏறுவதுதான் மோசம். வால், ஈர்ப்பு மையத்திலிருந்து மூக்கைவிட இரண்டு மூன்று மடங்கு தள்ளி இருப்பதால், அங்கே 10 கிராம் கூடினால் மூக்கில் 20, 30 கிராம் ஈயம் வைக்க வேண்டியிருக்கும். மூக்குக்கும் வயிற்றுக்கும் இரண்டு சுற்று, மற்ற இடத்துக்கு மெல்லிசாக ஒன்று, வாலுக்குக் கஞ்சத்தனமாக ஒன்று. இது போதும்.

ஈரக்காற்றில் அடிப்பது, கையால் தொட்ட இடத்தில் அடிப்பது

டோப்பும் லாக்கரும் ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கும். காற்றில் ஈரம் இருந்தால் அது அங்கே பனித்து, பூச்சு வெள்ளையாகப் பூத்துவிடும். மெதுவாகக் காயவைக்கும் ரிடார்டர் சேர்த்தால் குறையும். காய்ந்த நாளுக்குக் காத்திருப்பது அதைவிட நல்லது. டூ-கேவில் ஈரம் வேறு விதமாகப் படுத்தும்: ஹார்டனர் தண்ணீரோடு வினைபுரிந்து வாயுவை விடும், படலத்தில் ஊசிமுனைக் குமிழ்கள் வரும்.

சிலிக்கான் கலந்த பாலிஷ் பக்கத்தில் எங்கும் வேண்டாம். துணியில் அதன் சாயல் இருந்தாலே கிளியர் அங்கே ஒட்டாமல் மீன் கண் மாதிரி வட்டவட்டமாக விலகும்.

மூச்சைப் பற்றி யோசிக்காதது

டூ-கே பாலியூரித்தேன் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். தூசிக்குக் கட்டும் முகமூடி இதற்கு எந்தப் பயனும் இல்லை. இந்தப் பொருளின் வாடை எச்சரிக்கை தராது. உடம்பு ஒருமுறை ஒவ்வாமை பிடித்துக்கொண்டால், பிறகு மிகச் சிறிய அளவே ஆஸ்துமாவைக் கிளப்பும். வெளியிலிருந்து காற்று தரும் முகமூடிதான் முறையான பாதுகாப்பு. அது இல்லையென்றால் ஸ்பிரே வேண்டாம். மூக்குப் பகுதிக்கு எபாக்சியைத் தூரிகையால் பூசித் தேய்த்துக்கொள்ளலாம், அல்லது பியூட்ரேட்டுக்குப் போய்விடலாம். எது அடித்தாலும் ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ தீயோ வேண்டாம்.

போர் விமான மாடல்களுக்கு மேட் பூச்சு விரும்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. பளபளப்பைக் குறைக்கும் பொடி கலந்த கிளியரின் பரப்பு சொரசொரப்பானது, எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கெனத் தனியாகச் சோதித்துப் பாருங்கள். பளபளப்பான டூ-கே தேறியது என்பதற்காக மேட்டும் தேறும் என்று நினைக்க வேண்டாம்.

அந்தச் சிவப்பு விமானத்தைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. இளகிய கிளியரைச் சுரண்டி எடுத்து, டால்கம் பவுடரைக் குழைத்துப் பூசி இரவெல்லாம் வைத்தேன். காலையில் பவுடர் எண்ணெயைக் குடித்து மஞ்சளாகியிருந்தது. மூன்று முறை அப்படிச் செய்தும் ஒரு மவுண்ட் துளைக்குப் பின்னால் மட்டும் மரம் கறுப்பாகவே இருந்தது. அந்த இடத்தில் விரல் நீளத்துக்கு வெட்டி எடுத்துவிட்டுப் புது பால்சா வைத்தேன். துளைகளுக்கு எபாக்சி, மூக்குக்கு இரண்டு சுற்று டூ-கே, ஒரு வாரம் அலமாரி மேல். இப்போதும் பறக்கிறது. புதுச் சிவப்பும் பழைய சிவப்பும் சேரவில்லை. பத்தடி தள்ளி நின்றால் தெரியாது, கையில் எடுத்தால் தெரியும்.