சருகைக் கொட்டினால் மட்டும் மண் வளமாகாது

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த், டோங்காட் பக்கம் குளிர் தொடங்கும் மே, ஜூன் வந்தால் இங்கே சிரிங்கா என்று சொல்லும் மலைவேம்பின் சருகு வாசலெல்லாம் குவியும். அதைக் கூட்டி எரிப்பதைப் பார்த்தால் எனக்கு மனசே கேட்காது. டர்பனின் பெரேயா மேட்டுச் சிவப்பு மணல் மாதிரி தண்ணீர் தங்காத மண்ணுக்கு அதைவிட நல்லது என்ன இருக்கிறது? ஆனால் எரிக்காமல் சேர்த்து வைப்பவர்களும் சில தவறுகளைச் செய்கிறார்கள்.

பெரிய தவறு, காய்ந்த சருகை அப்படியே மண்ணுக்குள் கொத்திவிட்டு அடுத்த வாரமே கத்திரி நாற்று நடுவது. காய்ந்த இலையில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குப் பெரும்பாலும் 50 பங்குக்கு மேல் கார்பன் இருக்கும். அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் குறைகிற நைட்ரஜனை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், செடி பட்டினி கிடக்கும், அடி இலைகள் மஞ்சளாகும், பலர் அதைப் பூச்சி என்று நினைத்து மருந்தடிக்கிறார்கள். மண்ணுக்கு மேலே மூடாக்காகப் பரப்பினால் இந்தத் தொல்லை அவ்வளவாக வராது. மண்ணோடு கலக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் மட்க வையுங்கள்: மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை பச்சைப் புல் அல்லது காய்கறித் தோல், கிடைத்தால் கொஞ்சம் கோழி எரு.

அப்புறம் தண்ணீர். நமக்குக் குளிர்காலம்தான் வறண்ட காலம், மழை வலுப்பது அக்டோபருக்குப் பிறகு. ஐரோப்பிய ஆட்கள் தங்கள் ஊர் ஈரக் குளிருக்கு எழுதியதைப் படித்துவிட்டுக் குவித்து மறந்தால், செப்டம்பரிலும் அதே சருகுதான் கிடக்கும். காயக் காய நனையுங்கள். கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வந்தால் போதும்.

மாவிலையும் லிச்சி இலையும் தடிப்பானவை, முழுசாகப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மழைத் தண்ணீரை உள்ளே விடாது, அதனால் புல்வெட்டும் மெஷினை மேலே ஓட்டி நொறுக்குங்கள். யூகலிப்டஸ் இலை நாற்றங்கால் பக்கமே வேண்டாம், விதை முளைப்பதைக் கெடுக்கும். சிரிங்கா காய்களைப் பொறுக்கிவிடுங்கள். விஷக்காய், போதாததற்கு இந்த நாட்டில் அது ஆக்கிரமிப்பு மரம், விட்டால் பாத்தியெங்கும் முளைக்கும். கருகல் நோய் வந்த தக்காளி இலை குப்பைக்குத்தான். மூடாக்கைத் தண்டோடு ஒட்டிக் குவிக்காமல் நாலு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும்.

பக்கத்து வீட்டில் மூட்டையாகக் கொடுத்தால் வாங்கலாம், ஆனால் புல்தரைக்குக் களைக்கொல்லி அடித்தார்களா என்று கேளுங்கள். அடித்திருந்தால் வேண்டாம், தக்காளியும் அவரையும் சுருண்டுபோகும்.