நுவரெலியாக் குதிரை ஓட்டம்: சவாரி பார்த்த கண்ணுக்கு

மாட்டுவண்டிச் சவாரி பார்த்துப் பழகியவர்களுக்கு நுவரெலியாத் திடல் முதலில் பிடிபடாது. சவாரித் திடல் நேரோட்டம், முன்னுக்கு வாற சோடி எதுவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1875இல் தொடங்கிய நுவரெலியாத் திடலோ வளையம்.

முக்கிய ஓட்டங்கள் ஏப்ரல் வசந்த காலத்தில்தான். ஆளுநர் கிண்ணத்துக்குத்தான் கூட்டம் அள்ளும். மகாராணி கிண்ணமும் பெயர் பெற்றதே. திகதி ஆண்டுக்காண்டு மாறும். அதை உறுதி செய்யாமல் அறை பிடிக்க வேண்டாம். அந்த நாட்களில் அறை விலை ஏறிவிடும்.

யாழ்ப்பாணத்தில் கொழும்பு ரயில் ஏறிப் பொல்கஹவெலவில் மாறி, பதுளை ரயிலில் நானுஓயாவில் இறங்குங்கள். நுவரெலியா ஊருக்குள் ரயில் போகாது. மிச்சம் சுமார் 8 கிலோமீற்றர், பஸ் அல்லது ஓட்டோ. சுவெற்றரோடு குடையும் வேண்டும். ஏப்ரல் பின்னேரங்களில் இடிமழை வழமை.

ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் இடத்துக்குப் போங்கள். ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அந்தக் குளிரிலும் பின்தொடைகளுக்கிடையே வெள்ளை நுரை கட்டியிருந்தால் குதிரை பதற்றத்தில் சக்தியைச் செலவழிக்கிறது என்று அர்த்தம்.

அட்டவணையில் எல்லோரும் குதிரையின் பெயரைத்தான் பார்ப்பார்கள். பாரத்தைப் பாருங்கள். சவாரியில் மாடுகளைப் பிரிவு பிரித்து ஓட விடுவோம். இங்கே சமன்படுத்தும் ஓட்டங்களில் கெட்டிக்காரக் குதிரைக்குக் கூடுதல் பாரம் ஏற்றுவார்கள். ஜொக்கியின் (குதிரையை ஓட்டுபவரின்) எடையும் சேணமும் போதாவிட்டால் ஈயத் தகடு சேர்ப்பார்கள். ஒரு மைல் ஓட்டத்தில் ஒரு கிலோ கூடினால் ஏறத்தாழ ஒரு குதிரை நீளம், அதாவது 2.4 மீற்றர் பின்தங்கும் என்பது பழைய கைக்கணக்கு.

அடுத்தது வளைவு. உள்வேலியிலிருந்து ஒரு மீற்றர் விலகி அரைவட்டம் சுற்றும் குதிரை 3.1 மீற்றர் கூடுதலாக ஓடுகிறது. ஒரு குதிரை நீளம் அதிலேயே போய்விடும்! வெளிப்பக்கமாக வந்து கொஞ்சத்தில் தோற்ற குதிரையை அடுத்த ஓட்டத்துக்குக் குறித்து வையுங்கள். இதைப் பார்க்க முடிவுக் கம்பத்தடியில் நெருக்குப்பட வேண்டாம், கடைசி வளைவு முடியும் இடம்தான் நல்லது.

குதிரை கம்பத்தைத் தாண்டியவுடன் பந்தயம் கட்டிய ரிக்கெட்டைக் கிழித்தெறிபவர்கள் உண்டு. ஜொக்கியைத் திரும்ப நிறுப்பார்கள். பாரம் குறைந்தாலோ, குறுக்கே மறித்ததாக முறைப்பாடு நிரூபணமானாலோ முதலிடம் கைமாறும். இறுதி முடிவு அறிவிக்கும்வரை ரிக்கெட் சட்டைப்பையில் இருக்கட்டும்.