மூன்றாவது முறையும் அதே கடையா? பூட்டு உடைபட்ட பிறகு கடைக்காரர்கள் செய்யும் தவறுகள்

சென்னைப் புறநகரில் என் மாமா ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறார். முதல் முறை பூட்டை உடைத்துத் திருடியபோது, மறுநாள் காலை அவர் செய்த முதல் வேலை எதிர்க்கடையில் அதே மாதிரி இன்னொரு பூட்டு வாங்கியதுதான். அதே அளவு, அதே விலை. நாற்பது நாள் கழித்து அதே வலது பக்கப் பூட்டு, அதே கல்லா, அதே சிகரெட் அலமாரி. அப்புறம்தான் ஷட்டருக்குப் பெரிய பூட்டாகப் பார்த்து வாங்கினார். மூன்றாவது முறை வந்தவர்கள் ஷட்டர் பக்கமே போகவில்லை. பின்பக்கத் தகரக் கூரையைக் கழற்றிக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

மாமாவை நான் கிண்டல் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. கடைத்தெருவில் விசாரித்துப் பாருங்கள், பாதிப் பேர் இதையேதான் செய்திருப்பார்கள். கண்ணேறு பட்டுவிட்டது என்று பூசணிக்காய் உடைத்துவிட்டு, "வந்தவன் வந்துட்டுப் போயிட்டான், இனிமே ஏன் வரப்போறான்" என்று இருந்துவிடுகிறோம். முதல் தவறே இதுதான். ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும். கல்லா எங்கே, சிகரெட் எங்கே, எந்தப் பூட்டு எத்தனை நிமிடம் தாங்கும், சத்தம் கேட்டால் யாராவது எழுந்து வருவார்களா என்பதெல்லாம் அவனுக்கு இப்போது அத்துப்படி. புதிதாக ஒரு கடையை நோட்டம் பார்ப்பதைவிடப் பழைய கடைக்கே திரும்புவது அவனுக்குச் சுலபம். காலியான அலமாரியை நாமும் ஒரு வாரத்தில் நிரப்பி வைத்துவிடுகிறோம்.

இங்கிலாந்தில் ராச்டேல் ஊரின் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980களின் பிற்பாதியில் இதை வைத்தே ஒரு முயற்சி செய்தார்கள். ஒரு முறை திருடு போன வீட்டில் மறுபடியும் திருடு போகும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிடப் பல மடங்கு அதிகம் என்று தெரிந்ததும், ஊர் முழுக்கக் காவலைப் பரப்பாமல் திருடு போன வீடுகளை மட்டும் உடனே பலப்படுத்தினார்கள். அந்த வீடுகளில் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் காசு போட்டு ஓட்டும் மீட்டர்கள் இருந்தன. திருடர்கள் குறிவைத்தது அந்தக் காசைத்தான் என்பதால் மீட்டரையே மாற்றினார்கள். சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டுக்காரர்களிடம் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்றாண்டுகளில் திருட்டு நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. அது வீடுகளில் நடந்தது, நம்முடையது கடை. ஆனாலும் கணக்கு ஒன்றுதான். உடைபட்ட மறுநாளிலிருந்து வரும் சில வாரங்கள்தான் ஆபத்தான காலம். "தீபாவளி வியாபாரம் முடியட்டும், பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவது அவனுக்குக் கதவைத் திறந்து வைப்பது மாதிரி.

பூட்டு பெரிசு, நாதாங்கி சின்னது

சரி, ஷட்டருக்கு வருவோம். ஷட்டர் என்பது ஒன்றோடொன்று கோத்த மெல்லிய தகரப் பட்டைகள். இரண்டு பக்கச் சட்டத்துக்குள் ஓடுகிறது. நாம் கீழே இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று என்று பூட்டு போடுகிறோம். நடுவில் எட்டடி, பத்தடிக்கு ஒன்றுமே கிடையாது. நடுவில் கடப்பாரையை விட்டு நெம்பினாலோ, கார் ஜாக்கியை வைத்து ஏற்றினாலோ ஷட்டர் வில் மாதிரி வளைந்துகொடுக்கும். ஒல்லியான ஒருவன் படுத்து உருண்டு உள்ளே போக ஒன்றரை அடி போதும். "ஷட்டரை நெம்பித் திருட்டு" என்று செய்தித்தாளில் அடிக்கடி வருகிறதே, அதில் பல கடைகளில் பூட்டுகள் பூட்டியபடியே இருக்கும்.

அதனால் பூட்டின் எடையைப் பார்ப்பதற்கு முன்னால் ஷட்டரின் நடுவைப் பாருங்கள். தரையில் கான்கிரீட்டுக்குள் இறங்கிய நடுப்பூட்டு ஒன்று வேண்டும். அடிப்பட்டையில் நீளத்துக்கும் ஒரு இரும்பு ஆங்கிள் வைத்து வெல்டிங் செய்தால் வளைவது குறையும். தரைக்கும் ஷட்டருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் கடப்பாரையின் நுனியும் நுழையும். வாசல் தரை தேய்ந்து பள்ளமாகிப்போன கடைகள் நிறைய உண்டு. ஒரு சட்டி சிமெண்ட் வேலைதான், ஆனால் செய்ய மாட்டோம்.

அடுத்தது நாதாங்கி. ஆயிரம் ரூபாய்ப் பூட்டை வாங்கி, நாலு ஸ்குரூவில் நிற்கும் பட்டையிலோ இரண்டு பொட்டு வெல்டிங்கில் ஒட்டியிருக்கும் வளையத்திலோ மாட்டினால், அவன் பூட்டைத் தொடவே மாட்டான். பட்டையை ஒரு நெம்பு. பூட்டு முழுசாகத் தரையில் கிடக்கும். பூட்டிலும் வளையம் எவ்வளவு வெளியே தெரிகிறதோ அவ்வளவுக்குக் கட்டரின் வாய் பிடிக்க இடம் கிடைக்கிறது. வளையம் உள்ளடங்கிய வட்டப் பூட்டு நல்லது. இல்லையென்றால் பூட்டைச் சுற்றி இரும்புப் பெட்டி ஒன்று வெல்டிங் செய்து, சாவி நுழைய மட்டும் வழி விடலாம்.

எந்தப் பூட்டும் உடையும். பூட்டு வாங்கித் தருவது நேரமும் சத்தமும்தான். இரண்டு நிமிடத்தில் சத்தமில்லாமல் முடிகிற வேலை, பத்து நிமிடம் டமார் டமார் என்று அடிக்கிற வேலையாக மாறினால் பாதிப் பேர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். இடம் இருந்தால் ஷட்டருக்கு உள்ளே ஒரு கம்பிக் கதவு போடுங்கள். ஷட்டரை நெம்பிக் குனிந்து பார்ப்பவன் முன்னால் இன்னொரு பூட்டு தொங்கும்.

முன்னால் கோட்டை, பின்னால் ஓட்டை

2019 அக்டோபர் 2 அதிகாலையில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு பெரிய நகைக்கடையில் சுமார் 13 கோடி ரூபாய் நகை போனது பலருக்கு நினைவிருக்கும். முன்வாசலில் காவலாளிகள் இருந்தார்கள், உள்ளே கேமராக்கள் இருந்தன. வந்தவர்கள் பின்சுவரில் ஆள் நுழையும் அளவுக்குத் துளை போட்டு, முகமூடி மாட்டிக்கொண்டு வந்தார்கள். போகும்போது மோப்ப நாய்க்காக மிளகாய்ப்பொடி தூவிவிட்டுப் போனார்கள். அவ்வளவு பெரிய கடைக்கே பின்சுவர் மறந்துபோயிற்று என்றால் நம் கடைக்குச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்கள் கடையைத் திருடன் கண்ணோடு ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கழிப்பறை ஜன்னல், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, மாடிப்படிக் கதவு, பக்கத்தில் ஆறு மாதமாகக் காலியாகக் கிடக்கும் கடையின் பொதுச்சுவர். தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸோ என்றால் அதைப் பிடித்திருக்கும் நட்டுகள் பெரும்பாலும் வெளிப்பக்கம்தான் இருக்கும். ஒரு ஸ்பேனர் போதும். கூரைக்குக் கீழே, உள்பக்கமாகக் கம்பிச் சட்டம் ஒன்று போட்டால் தகரத்தைக் கழற்றியும் பயனில்லை. மாமா கடையில் இன்னொரு கூத்து. கூரைக்கு ஏற அவர்கள் பயன்படுத்தியது எங்கள் பால் டிரேக்களைத்தான். இரவு பின்பக்கம் அடுக்கி வைத்துவிட்டு வருவது வழக்கம். படிக்கட்டு கட்டிக்கொடுத்தது நாங்களேதான்.

சாவியைப் பற்றி ஒரு வரி. வேலையை விட்டுப் போன பையனிடம் சாவி இருந்ததா என்று யோசிப்பதைவிடப் பூட்டை மாற்றுவது எளிது, அந்தப் பையனுக்கும் அது நல்லது.

படம் எடுக்கும் பெட்டியே போய்விட்டால்

கேமரா வைத்தால் திருட்டு நிற்கும் என்று நம்புவது எனக்கு எரிச்சல் தரும் தவறு. கேமரா பார்க்கும், தடுக்காது. அதைக்கூடச் சரியாகச் செய்வதில்லை. பதிவாகும் டிவிஆர் பெட்டியைக் கல்லாவுக்கு மேலே, நீல விளக்கு மினுக்க மினுக்க வைத்திருப்போம். வந்தவன் கல்லாவைத் துடைத்துவிட்டு அந்தப் பெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு போவான். பெட்டியைப் பரணிலோ பூட்டிய இரும்பு அலமாரியிலோ காற்றோட்டத்தோடு மறைத்து வையுங்கள். ஒரு கேமராவின் பதிவாவது இணையம் வழியாக வேறு இடத்தில் சேமிப்பாகட்டும்.

உயரமும் முக்கியம். கூரையில் வைத்த கேமராவில் தெரிவது தொப்பியும் தலைமுடியும்தான். உள்ளே நுழைபவனின் முகம் நேராகப் படும்படி ஒன்று வாசலைப் பார்த்து, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். மீட்டர் பெட்டி வெளியில் இருந்தால் அவன் முதலில் பியூஸ் கட்டையைப் பிடுங்குவான். கேமராவும் அலாரமும் பேட்டரியில் ஓடும்படி செய்துவிட்டு, மீட்டர் பெட்டிக்கும் மின்வாரிய ஊழியர் திறக்கிற மாதிரி ஒரு பூட்டு ஏற்பாடு செய்யுங்கள். பெட்டி காட்டும் நேரம் சரியா, ஹார்டு டிஸ்க் வேலை செய்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். திருட்டு நடந்த அன்றுதான் பதிவு நின்றுபோய் மூன்று மாதம் ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேமராவில் போடும் பணத்தில் கொஞ்சத்தை ஷட்டரில் மாட்டும் சென்சார் அலாரத்தில் போடலாம் என்பேன். ஷட்டர் அசைந்தால் சைரன் அலறும், சிம் கார்டு போட்ட கருவி என்றால் போனுக்கும் அழைப்பு வரும். அதிலும் ஒரு தவறு உண்டு. கருவியில் ஒரே ஒரு எண், அந்த போனோ இரவில் சைலண்டில். மூன்று எண்களாவது கொடுங்கள், அதில் ஒன்று கடைக்குப் பக்கத்தில் தூங்குபவருடையதாக இருக்கட்டும்.

கல்லாவும் அறிவிப்புப் பலகையும்

இரவில் கல்லாவைப் பூட்டாதீர்கள். காலி செய்து, இழுத்துத் திறந்தே வைத்துவிட்டு வாருங்கள். பூட்டிய கல்லாவை உள்ளே பணம் இல்லாவிட்டாலும் உடைப்பான். சில்லறையைக்கூட விடாதீர்கள். கடைக்குள் ஒரு விளக்கு எரியட்டும், ஷட்டர் இடுக்கில் பார்ப்பவனுக்குக் காலிக் கல்லா தெரியட்டும். சிறிதாக இருந்து விலை அதிகமான சரக்கு, அதாவது சிகரெட், முந்திரி, ஏலக்காய் போன்றவை, பூட்டிய உள் அலமாரிக்குப் போகட்டும்.

இன்னொன்று, "பொங்கலை முன்னிட்டு நான்கு நாட்கள் கடை விடுமுறை" என்று ஷட்டரில் ஒட்டுவது. குலதெய்வக் கோயிலில் நின்று எடுத்த படத்தை அன்றே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பதும் அதே வகைதான். வாடிக்கையாளர்களிடம் வாயால் சொன்னால் போதும். ஊருக்குப் போகும் தகவலைக் காவல் நிலையத்தில் சொல்லி, ரோந்து போலீசார் கையெழுத்திடும் பட்டா புத்தகம் உங்கள் வரிசைக்கு உண்டா என்று கேளுங்கள். வணிகர் சங்கம் மூலம் கேட்டால் இன்னும் நல்லது.

உடைந்து கிடக்கும் காலையில்

பதற்றத்தில் உள்ளே ஓடி, சிதறியதைப் பெருக்கி, கல்லாவைத் தொட்டுத் தடவிப் பார்த்துவிடுகிறோம். கைரேகை போயிற்று. வெளியே நின்று 112க்கோ 100க்கோ அழையுங்கள், போனில் படம் எடுங்கள், அவர்கள் வரும்வரை யாரையும் உள்ளே விடாதீர்கள்.

அடுத்த தவறு சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வருவது. அது புகார் வந்ததற்கான ரசீது மட்டுமே, முதல் தகவல் அறிக்கை ஆகாது. காப்பீட்டுக்கும் சரி, விசாரணை நகர்வதற்கும் சரி, எஃப்.ஐ.ஆர். வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173வது பிரிவுப்படி அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. "சின்னத் தொகைதானே, எதுக்கு ஸ்டேஷன் அலையணும்" என்று புகாரே கொடுக்காமல் விடுவது அதைவிட மோசம். ஒரே ஆள் நாலு கடையில் கைவைத்திருந்தால் அது நாலு புகாராகப் பதிவானால்தான் தெரியும். செல்போன் கடைக்காரர்கள் கொள்முதல் பில்லில் உள்ள ஐஎம்இஐ எண்களை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்களை, புகாரில் சேர்த்து, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்தக் கருவிகளை முடக்கச் சொல்லலாம்.

காப்பீட்டில் பலர் ஏமாறுவது ஓர் இடத்தில். வங்கிக் கடனுக்காக எடுத்த தீ விபத்துப் பாலிசி திருட்டுக்கும் சேரும் என்று நினைக்கிறார்கள். சொத்து மதிப்பு 5 கோடி ரூபாய் வரையிலான சிறு தொழில்களுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில், தீ போன்ற விபத்து நடந்து 7 நாட்களுக்குள் அதைத் தொடர்ந்து நடக்கும் திருட்டுக்குத்தான் இடம் உண்டு. வெறும் பூட்டு உடைப்புக்குத் தனியாகத் திருட்டுக் காப்பீடு வேண்டும். அதிலும் இரவில் கல்லாவில் விட்ட பணத்துக்கு வழக்கமாக இழப்பீடு கிடைக்காது, இரும்புப் பெட்டிக்குள் இருந்திருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படியுங்கள்.

கோபத்தில் ஷட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற யோசனை யாராவது சொல்வார்கள். மாமாவுக்கும் ஒருவர் சொன்னார். அதிகாலையில் அந்த ஷட்டரை முதலில் தொடுவது பால் வண்டிக்காரரோ மாடோ மழைக்கு ஒதுங்கும் பிள்ளையோதான். செத்தவர் திருடனாகவே இருந்தாலும் ஜெயிலுக்குப் போவது கடைக்காரர். கேமராவில் மங்கலாகத் தெரிந்த முகத்தை இன்னார்தான் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடுவதும் வேண்டாம். படத்தைப் போலீசிடம் கொடுங்கள்.

கடைத்தெரு கூர்க்காவுக்கு மாதம் கொடுக்கும் பணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விசில் ஊதிக்கொண்டு போகிறவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது திருடனுக்கும் கேட்கும். அதைவிட உதவுவது, நேரங்கெட்ட நேரத்தில் விழித்திருக்கும் ஆட்கள்: டீக்கடைக்காரர், பேப்பர் போடுபவர், பூ மூட்டை இறக்குபவர். ஐந்தாறு கடைக்காரர்களும் இவர்களும் ஒருவர் எண்ணை ஒருவர் வைத்துக்கொண்டாலே போதும்.

மாமா கடைக்கு நாலாவது முறையும் வந்தார்கள். மூன்றரை மணி இருக்கும். நடுப்பூட்டு அசையவில்லை, சைரன் அடித்தது, எதிரே பாய்லர் பற்றவைத்துக்கொண்டிருந்த டீ மாஸ்டர் போட்ட சத்தத்தில் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். அன்று காலை மாமா கடன் நோட்டை எடுத்து, டீ மாஸ்டர் கணக்கில் இருந்த 840 ரூபாயைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார்.