“நீங்கள் எவ்விடம்?” என்ற கேள்விக்குத் தன் பதிலைத் தானே எழுதிக்கொள்வது எப்படி

யாழ்ப்பாணத்தில் புதிதாக ஒருவரைக் கண்டால், பெயருக்கு முன்பே “நீங்கள் எவ்விடம்?” என்று கேட்பார்கள். ஊர், கோயில், சொந்தம், சாதி எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். பெரும்பாலும் அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் சீவியம் முழுவதும் பிறத்தியாராகவே இருந்தவருக்கு அங்கே வாய் அடைத்துப்போகும். 1990 ஜூனில் போரால் நாங்கள் வடகரையிலுள்ள எங்கள் ஊரான மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு 4 வயது. 2017 ஜூலையில் இராணுவத்தின் பிடியிலிருந்த துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டுத் திரும்பிப் போனபோது, பிறந்த மண்ணிலேயே எனக்கு வழிகாட்ட ஆள் தேவைப்பட்டது. இருந்த ஊர்களில் நான் இடம்பெயர்ந்து வந்த பிள்ளை. மயிலிட்டியிலோ வெளியில் வளர்ந்த பிள்ளை.

இந்த நிலையில் உள்ளவர்கள் முதலில் ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து, இதுவரை இருந்த வீடுகளை வரிசையாக எழுத வேண்டும். யாருடைய காணி, எத்தனை மாதம், கிணற்றுத் தண்ணீர் நன்னீரா சவரா, அங்கே எந்த வேலையைப் பழகினீர்கள் என்பவற்றை மட்டும் எழுதுங்கள். மனவருத்தத்தை எழுத முயல வேண்டாம், அது தானாக வந்து சேரும். எனக்கு ஒன்பது வீடுகள் வந்தன. மூன்றாவது வீட்டில், வீட்டுக்காரர் எழும்ப முன் தண்ணீர் அள்ளிவிட வேண்டும் என்பதால், வாளி கிணற்றுச் சுவரில் முட்டாமல் கயிற்றைச் சிறிது சிறிதாக விட அம்மா எனக்குப் பழக்கினார். இன்றும் நான் எந்த வேலையையும் சத்தமில்லாமல்தான் செய்கிறேன். அதைப் பயம் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன்; எழுதிப் பார்த்த பிறகுதான், அதில் பாதி அம்மா தந்த கைப்பழக்கம் என்றும், அது எந்த ஊருக்கும் அல்ல, எனக்கே உரியது என்றும் விளங்கியது. உங்கள் கொப்பியிலும் இப்படி ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும். அவற்றின் கீழ் கோடிடுங்கள்.

அடுத்து, கேள்விக்கான பதிலைக் குறைக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். “பிறந்தது மயிலிட்டி, வளர்ந்தது ஒன்பது வீடுகளில்” என்கிறேன் நான். கேட்பவருக்கு ஏற்றபடி ஊரை மாற்றிச் சொல்வதும், அவ்வூரார் கதைக்கும் விதத்தைப் பாவனை பண்ணுவதும் அப்போதைக்கு உதவினாலும், நாளடைவில் எது உங்கள் குரல் என்பதே மறந்துபோகும்.

இப்போது இருக்கும் இடத்தில் ஒரு சிறு வேலையைக் கிழமைதோறும் அதே நாளில் செய்யுங்கள். சனசமூக நிலையத்தில் பத்திரிகைகளை அடுக்குவது போதும்.

உங்களைப் போன்ற வேறு பிறத்தியாரையும் தேடிப் போங்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, பல ஆண்டுகளின் பின் யாழ் நகரின் சோனகதெருவுக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களும், 1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வடக்கே வந்தவர்களின் பிள்ளைகளும் இதே கேள்வியை இன்னும் பாரமாகச் சுமப்பவர்கள். அவர்களிடம் உங்கள் கதையை முந்திச் சொல்லாதீர்கள், “எவ்விடம்?” என்று நீங்களே கேட்க நேர்ந்தால், பதில் முடியும்வரை குறுக்கிடாமல் இருங்கள்.