ரோலர் டெர்பி பழகப் போகிறீர்களா? முதல் நாளே ஒரு ஜோடி பிடியுங்கள்

ரோலர் டெர்பி வகுப்பில் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒன்று: கூச்சப்படாமல் பக்கத்தில் நிற்பவரிடம் பேச்சுக் கொடுத்து, அவரையே ஜோடியாக்கிக்கொள்ளுங்கள். 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் பெண்கள் புத்துயிர் கொடுத்த ஆட்டம் இது. நாலு சக்கர ஸ்கேட்டில் ஒருவரையொருவர் இடித்து ஆடுவதை வீட்டு வராந்தாவில் தனியாகப் பழக முடியாது.

ஆரம்பத்தில் சொல்லித்தருவதே விழுவதைத்தான். உடம்பைச் சுருக்கி, முழங்கால் கவசத்தின் மேல் சறுக்கி விழ வேண்டும். கைவிரல்களை மடக்கி முஷ்டியாக்கிவிடுங்கள். விரித்த விரல்மேல் பின்னால் வருகிறவரின் சக்கரம் ஏறினால் அவ்வளவுதான். பதற்றத்தில் விரல் விரிவது நமக்குத் தெரியாது, எதிரே நிற்கிறவர் கண்ணில்தான் படும். "விரல்!" என்று ஒரு சத்தம் போடும்படி ஜோடியிடம் சொல்லிவையுங்கள்.

பல குழுக்களில் ஆடுதளத்தை 5 நிமிடத்தில் 27 சுற்று ஸ்கேட்டில் சுற்றிவர வேண்டும் என்றொரு சோதனை உண்டு. அதாவது சுற்றுக்குச் சுமார் 11 விநாடி. மூச்சு வாங்கும்போது எண்ணிக்கை தப்பிவிடும். ஜோடி நடுவில் நின்று எண்ணட்டும். நிமிடத்துக்கு ஐந்தரைச் சுற்று வருகிறதா என்று கத்திச் சொல்லட்டும். அவர் ஓடும்போது நீங்கள் எண்ணுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வியர்த்த கவசங்களைப் பையிலிருந்து எடுத்துக் காற்றாட விரித்துவையுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் ஜோடியே தள்ளித்தான் நிற்பார்.